பள்ளியாசிரியர் பாவாணர்

விருதுநகர் மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், இராசபாளையத்துக்குத் தெற்கே, முறம்பு என்னும் சிற்றூர் உள்ளது. பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலத்தை முரம்பு என்பது பழைய வழக்கு. ஊர்ப்பெயர் அதன் திரிபாகவும் இருக்கலாம். அங்குள்ள சீயோன்மலைப் பள்ளியில் 1919-ஆம் ஆண்டு பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக அமர்ந்தார். பள்ளிக் கல்வியைப் பாளையங்கோட்டையில் முடித்துவிட்டு வந்த அவருக்குத் தாய் தந்தையர் இல்லை. கல்லூரிக்குச் செல்ல வழியும் இல்லை. தேவநேசன் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் எனத் தமிழுலகம் போற்றிய பெரும்புலவரின் பணிவாழ்க்கை தொடங்கிய இடம் அதுவே.

பாவாணரை மொழிநூலறிஞர் என்றும், வேர்ச்சொல் ஆராய்ச்சியாளர் என்றும், தனித்தமிழ்க் காவலர் என்றும் போற்றுவோர் பலர். அவர் பள்ளியாசிரியர் என்பதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வதே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரிகிறது. 1919 முதல் 1944 வரை, இடையிடையே ஊர் மாறியதைத் தவிர, கால் நூற்றாண்டுக் காலம் அவர் பள்ளிகளிலேயே பணிபுரிந்தார். கல்லூரியில் இருந்தது பன்னிரண்டு ஆண்டு. பல்கலைக்கழகத்தில் இருந்ததோ ஐந்தே ஆண்டு. அவருடைய ஆராய்ச்சிக்கு அடித்தளமான 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தபோது அவர் ஓர் உயர்நிலைப்பள்ளியின் தமிழாசிரியர். ஆகவே பள்ளிப்பணி அவருடைய வாழ்க்கையில் கடந்துபோன ஒரு படி அன்று. அவருடைய புலமையின் உருவமும் அதன் வலிமையும், ஓரளவு அதன் குறையும், அங்கேதான் அமைந்தன.

இன்று ஆலங்குளத்தையும் சிவகாசியையும் சுற்றியுள்ள நிலப்பரப்பைப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, சிமெண்டு ஆகியவற்றோடு சேர்த்தே எவரும் எண்ணுவர். 1919-இல் இவற்றுள் எதுவும் இங்கில்லை. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923-இல். ஆலங்குளத்தில் அரசின் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1970-இல். அன்றிருந்தவை கரிசலும் செவலும், பருத்தியும் சோளமும் கம்பும், வானம் பார்த்த கண்மாய்களும்தாம். மாவட்டப் பெயர்கூட வேறு. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தபோது, சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் நெல்லையிலிருந்து அதனுள் சென்றன. 1985-இல் அம்மாவட்டமும் பிரிந்து, காமராசர் பெயர் தாங்கிப் பின்னர் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. கோட்டை மாற்றினாலும் பேச்சை மாற்ற முடியாது. இவ்வட்டாரத்துப் பேச்சு இன்றும் நெல்லைப் பேச்சுக்கு நெருங்கிய உறவுடையதே.

இத்தகைய வறண்ட நிலத்தில் ஏழைப் பிள்ளைக்குக் கல்வி வந்து சேர்ந்த வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வணிகர் தம் உழைப்பால் எழுப்பிய பள்ளிகள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்துப் பொருள் சேர்த்தனர். பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசர் படித்ததும், படிப்பை இடையில் நிறுத்தியதும் அப்பள்ளியில்தான். மற்றொன்று, கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பள்ளிகள். சீயோன்மலைப் பள்ளி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அதை நடத்தியவரை ஊரார் யங் துரை என்று அழைத்தனர். இளம் தேவநேசன் உயர்நிலைக் கல்வி பெறப் பொருளுதவி செய்தவரும், கல்வி முடிந்ததும் பணி தந்தவரும் அவரே.

பாவாணர் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் சங்கரன்கோவிலில் பிறந்தார். தந்தையார் ஞானமுத்து, தாயார் பரிபூரணம் அம்மையார். தந்தையாரும் கணக்காயரே, அதாவது பள்ளி ஆசிரியரே. சிறுவனுக்கு ஐந்து வயது நிறைவதற்குள் பெற்றோர் இருவரும் மறைந்தனர். வடார்க்காட்டு ஆம்பூரில் இருந்த தமக்கையார் தம்பியைத் தம்மிடம் அழைத்துச் சென்று வளர்த்தார். தொடக்கக் கல்வியும் நடுநிலைக் கல்வியும் அங்குள்ள கிறித்தவப் பள்ளியில். பின்னர் தெற்கே திரும்பிப் பாளையங்கோட்டைத் திருச்சபைத் தொண்டர் கழக உயர்நிலைப்பள்ளியில் எஞ்சிய வகுப்புகள்.

இப்பயணத்தில் ஒன்று கருதத்தக்கது. நெல்லையில் பிறந்து வடார்க்காட்டில் பேசப் பழகி மீண்டும் நெல்லைக்கு வந்த சிறுவனுக்கு, ஒரே பொருளுக்கு ஊருக்கொரு சொல் உண்டு என்பதை எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரூரில் இயல்பாகச் சொன்ன சொல்லுக்கு மற்றோரூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான் பாடம். பிற்காலத்தில் அவர் நூல்களில் 'இது நெல்லை வழக்கு', 'இது வடார்க்காட்டு வழக்கு' என்னும் வகைக் குறிப்புகள் மிகுதியாக வருவதற்கு வித்து இங்கே ஊன்றப்பட்டிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் மொழியாராய்ச்சி புதிய பொருளன்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் கண்காணியார் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் முதலிய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்று நிறுவியிருந்தார். பாவாணர் அக்கருத்தை வழிமொழிந்தார். ஆனால் அதனோடு நிற்கவில்லை. திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு உறவுபடுத்தி, அம்மொழியினர் வடமேற்கிலிருந்து வந்தவர் என்று கால்டுவெல் கருதியதை அவர் வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்தார்.

முறம்பில் அவர் பார்த்த வேலை முதற்படிவ ஆசிரியர் வேலை. இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு. அன்றைய சிற்றூர்ப் பள்ளியில் ஓராசிரியர் ஒரு பாடத்தை மட்டும் நடத்திவிட்டு அமர்ந்திருக்க முடியாது. கணக்கும் நிலநூலும் ஆங்கிலமும் தமிழும் எல்லாம் அவர் தலைமேல். 1922-இல் அவர் மீண்டும் ஆம்பூர் சென்று, தாம் வளர்ந்த ஊரிலேயே உதவித் தமிழாசிரியரானார். தமிழாசிரியர் என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

அந்நாளில் கல்லூரிக்குச் செல்ல இயலாத ஒருவர் புலமையில் உயர்வதற்கு இருந்த ஏணி, சங்கங்களும் பல்கலைக்கழகமும் நடத்திய தனித்தேர்வுகள். பகலில் பள்ளி, இரவில் விளக்கடியில் தொல்காப்பியமும் சங்க நூல்களும். ஆசிரியர் துணை பெரும்பாலும் கிடையாது. நூல்களும் எளிதில் கிடைப்பதில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்வில் பாவாணர் 1924-இல் வென்றார். நெல்லைத் தென்னிந்தியத் தமிழ்ச்சங்கத்தின் புலவர் தேர்வில் 1926-இல் தேறினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்து வித்துவான் தேர்வு. ஒவ்வொரு தேர்வையும் ஏதேனும் ஒரு பள்ளியில் பணிபுரிந்துகொண்டே எழுதினார்.

இத்தேர்வுகளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது வேறு கதை. பண்டிதர், வித்துவான் என்னும் பட்டங்கள் சங்க மேடைகளில் பெரிதாகத் தோன்றின. பள்ளிச் சம்பளப் பட்டியலில் அவை கீழ்வரிசையில் இருந்தன. ஆங்கிலப் பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சி முடித்தவருக்குக் கிடைத்த ஊதியம் தமிழாசிரியருக்குக் கிடைக்கவில்லை. எத்துணை ஆண்டு உழைத்தாலும் தலைமையாசிரியர் நாற்காலி அவருக்கு எட்டாது. மாணவர்களுக்குத் தமிழ்ப் பண்டிதர் என்றாலே நகைப்பு. அக்காலத்துக் கதைகளிலும் நாடகங்களிலும் தமிழ்ப் பண்டிதர் கோமாளியாக வருவதை எல்லோரும் அறிவர். பாவாணரின் எழுத்தில் சில இடங்களில் வெடிக்கும் சினத்தை அவருடைய தனிக்குணம் என்று மட்டும் கருதுவோர் இச்சூழலை மறந்துவிடுகின்றனர். தமிழின் தாழ்வும் தமிழாசிரியனின் தாழ்வும் அவர் பட்டறிவில் ஒன்றாகவே இருந்தன. ஒன்றுக்காக வாதாடும்போது மற்றொன்றும் குரலில் ஏறிவிட்டது.

ஆம்பூருக்குப் பின் சென்னை. திருவல்லிக்கேணிக் கெல்லட் உயர்நிலைப்பள்ளி, கிறித்தவக் கல்லூரி உயர்நிலைப்பள்ளி, பெரம்பூர்க் கலவல கண்ணன் செட்டி உயர்நிலைப்பள்ளி எனச் சில ஆண்டுகளுக்குள் பல பள்ளிகள். 1925-இல் வந்த அவருடைய முதல் நூல் ஆராய்ச்சி நூல் அன்று. 'சிறுவர் பாடல் திரட்டு'. தேவநேசக் கவிவாணன் என்று அவர் எழுதிவந்த காலம் அது. பின்னர் 'நேசன்' நேயன் ஆயிற்று. 'கவி' பா ஆயிற்று. தேவநேயப் பாவாணர் தோன்றினார். வேதாசலம் மறைமலையான வழியில் இப்பெயர் மாற்றமும் நிகழ்ந்தது. பாவாணர் என்னும் சொல்லுக்குப் பாட்டில் வல்லவர் என்பதே பொருள். மொழிநூலின் பெரும்புகழ் அப்பாவலரை மறைத்துவிட்டது. இலக்கிய வட்டங்களில் அவர் பாடல்களைப் பற்றிப் பேசுவோர் இன்று அரியர்.

1928 முதல் 1934 வரை மன்னார்குடிப் பின்லே உயர்நிலைப்பள்ளி. அவ்வூர் காவிரிப் படுகையின் இசைச் செழுமை நிரம்பியது. வறண்ட நிலத்திலிருந்து வந்த ஆசிரியர் அங்கே முறையாக இசை கற்றார். 1932-இல் 'கிறித்தவக் கீர்த்தனம்' வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1966-இல், 'இசைத்தமிழ்க் கலம்பகம்' எழுதினாரென்றால் அதற்கு முதல் மன்னார்குடியில் ஈட்டியதே. மன்னார்குடிக் காலத்தில்தான் அவர் கட்டுரைகள் 'செந்தமிழ்ச் செல்வி'யில் வரத் தொடங்கின. 1931-இல் வந்த 'மொழியாராய்ச்சி' என்னும் கட்டுரையோடு அவர் வாழ்க்கை தன் திசையைக் கண்டுகொண்டது எனலாம். அவ்விதழை வெளியிட்ட சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகமும் அதன் ஆட்சியாளர் வ. சுப்பையா பிள்ளையும் கிறித்தவரான இவ்வாசிரியரைத் தம்மவராகவே கொண்டு நூல் பல வெளியிட்டமை, தமிழுக்கு முன் சமயவேலி எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

திருச்சிராப்பள்ளிப் பிசப்பு ஈபர் உயர்நிலைப்பள்ளியில் 1934 முதல் 1943 வரை பணிபுரிந்த ஒன்பது ஆண்டுகளே அவருடைய பள்ளி வாழ்வின் முதிர்ந்த காலம். அங்கிருந்து அவர் எழுதிய நூல்கள் இருவகைப்பட்டவை. இருவகையும் ஒரே மேசையில் பிறந்தவை. ஒருபுறம் மாணவர்க்கான நூல்கள். 1937-இல் வந்த நூலின் முழுப்பெயர் 'கட்டுரைக் கசடறை என்னும் வியாச விளக்கம்' என்பது. பள்ளிகளில் கட்டுரையை 'வியாசம்' என்றே வழங்கிய காலம். தனித்தமிழ் ஆசிரியர்கூட அச்சொல்லை அருகில் வைத்தால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும். இரண்டே ஆண்டுகளில் அவர் எழுதிய அடுத்த நூலுக்குக் 'கட்டுரை வரைவியல்' என்றே பெயர், வியாசம் போய்விட்டது. 1940-இல் 'இயற்றமிழ் இலக்கணம்'. பின்னர் வந்த 'உயர்தரக் கட்டுரை இலக்கண'மும் இவற்றோடு சேர்ந்தது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது, வாக்கியம் எவ்வாறு முறிகிறது, மாணவன் வழக்கமாக எங்கே வழுக்குகிறான் என்பவற்றை நாள்தோறும் கட்டுரைச் சுவடி திருத்திய கை மட்டுமே இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியும். தமிழ் வினாத்தாளுக்கு அஞ்சிய மாணவர் பலர்க்கு இந்நூல்கள் துணைநின்றன. பாவாணரின் ஆராய்ச்சிக் கொள்கையை ஏற்காதவரும் அவருடைய இலக்கணத் திருத்தத்தைத் தம்மையறியாமல் பின்பற்றுவதுண்டு.

மறுபுறம் ஆராய்ச்சி. கீழ்த்திசை மொழியில் முதுகலைப் பட்டத்திற்காக, திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே என்று நிறுவும் ஆய்வேட்டை அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. பட்டம் இல்லை என்றால் பதவி உயர்வும் இல்லை. பள்ளியாசிரியருக்கு இது வெறும் மனவருத்தமாக நின்றுவிடும் செய்தி அன்று. ஆயினும் அவர் பட்டத்துக்காக ஏட்டை மாற்றி எழுதவில்லை. 1940-இல் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. 1943-இல் 'சுட்டு விளக்கம்', 1944-இல் 'திராவிடத்தாய்'. ஆ சேய்மையையும் ஈ அண்மையையும் ஊ முன்மையையும் சுட்டும் ஒலிகள் என்றும், அவற்றினின்றே சொற்கூட்டங்கள் கிளைத்தன என்றும் அவர் வகுத்த கொள்கை இந்நூல்களில் உருப்பெற்றது.

அவருடைய ஆராய்ச்சி முறையை உற்று நோக்கினால் அதனுள் வகுப்பறை தெரியும். சோளத்துக்கும் கம்புக்கும் தட்டை என்கிறோம், நெல்லுக்குத் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்புக்கும் புளிக்கும் அடி. நிலைத்திணையின் ஓர் உறுப்புக்கு இத்தனை சொல் இருக்க வேண்டிய காரணம் என்ன என்று அவர் கேட்டார். விடை எளிது: பொருளை அருகிருந்து பார்த்து, வேறுபாட்டை உணர்ந்த உழவன் இட்ட பெயர்கள் இவை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவந்தோறும் பெயர் மாறுவதையும் இவ்வாறே காட்டினார். கரிசல்காட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் வீட்டில் கேட்ட சொற்கள். அதே சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, உன் பாட்டி பேசுவது இலக்கணம் என்று சொல்லும்போது, வகுப்பின் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும். ஏட்டு வழக்கில் இல்லாத சொல் சொல்லே அன்று என்று புலவருலகம் கருதிய நாளில், உலக வழக்கை மொழிநூலின் முதற்சான்றாக வைத்தது பாவாணரின் பெருந்துணிவு.

வேர்ச்சொல் விளக்கமும் அவ்வாறே. வளைதற் கருத்துடைய வல் என்னும் வேரை எடுத்து, வல், வள், வளை, வளையம், வளையல், வட்டம் எனக் கிளைகளை ஒவ்வொன்றாய் விரிப்பார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படி தவறாமல் செல்லும் இம்முறை, கணக்கு ஆசிரியர் வழிகாட்டி விடைகாணும் முறையை ஒத்தது. படிப்பவர்க்கு இன்பம் தருவது அம்முறை. ஐயுற வேண்டிய இடமும் அதுவே. வகுப்பில் ஆசிரியர் சொல்லும் விடைக்கு மறுவிடை எழுவதில்லை. ஒலியும் பொருளும் ஒத்துவந்தால் போதும், பிறமொழிச் சான்றும் கால வரிசையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் விரைவு சில இடங்களில் அவரைப் பற்றிக்கொண்டது.

பள்ளியாசிரியரின் கண்ணுக்கு மட்டும் புலப்படக்கூடிய மற்றொரு துறையிலும் அவர் உழைத்தார். 1954-இல் வெளிவந்த 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலில், ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்து, கோலியும் பம்பரமும் சடுகுடுவும் கிளித்தட்டும் பல்லாங்குழியும் பாண்டியும் ஆடும் முறைகளை எழுதிவைத்தார். ஆட்டத்துக்கு எத்தனை பேர், கோடு எப்படிக் கீறுவது, தோற்றவர்க்கு என்ன தண்டனை, எந்த ஊரில் என்ன பெயர் என எல்லாம் அதில் உண்டு. மணி அடித்தபின் வெளித்திண்ணையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் பல்லாயிரவர். பார்த்ததை நூலாக்கியவர் சிலரே. நாட்டுப்புறவியல் பல்கலைக்கழகத் துறையாக வளர்வதற்கு முன்பே இப்பணி நடந்தது. பாவாணர் நூல்களுள் காலத்தால் தேயாதது எது என்று கேட்டால், குமரிநாட்டைப் பற்றிய பெருநூல்களைவிட இச்சிறுநூலையே முன்னே வைக்கத் தோன்றும்.

1943-44-இல் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் பணிபுரிந்ததோடு பள்ளி வாழ்வு முடிந்தது. 1944-இல் சேலம் நகராட்சிக் கல்லூரி அவரை அழைத்தது. முதல்வர் அ. இராமசாமிக் கவுண்டரின் ஆதரவில் அங்குக் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளே அவர் வாழ்வில் ஓரளவு அமைதியானவை. கல்லூரித் தமிழ்த்துறையில் இருந்துகொண்டே 1952-இல், ஐம்பதாம் வயதில், தமிழ் முதுகலைத் தேர்வு எழுதித் தேறினார். தம்மிடம் படிக்கும் இளைஞர்கள் எழுதக்கூடிய தேர்வை ஆசிரியரும் எழுதுவது அந்நாளில் எளிதான செயல் அன்று. சேலத்தில் அவரிடம் பயின்ற துரை. மாணிக்கம் என்னும் மாணவர் பின்னாளில் பாவலரேறு பெருஞ்சித்திரனாராகித் 'தென்மொழி' இதழ்வழி ஆசிரியர் கொள்கையை நாடெங்கும் பரப்பினார். 1955-இல் பெரியார் சேலத்தில் பாவாணரைப் பாராட்டிச் சிறப்பித்தார். இறைமறுப்பாளர் ஒருவர் இறைப்பற்றாளர் ஒருவரைப் பாராட்டிய அம்மேடை, அந்நாளைய தமிழியக்கத்தின் அகலத்தைக் காட்டுவது.

1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திராவிட மொழியாராய்ச்சித் துறை. வாழ்நாளெல்லாம் விரும்பிய ஆராய்ச்சிப் பதவி கைக்கு வந்தது. ஆனால் வரலாற்று மொழியியலை மேனாட்டு முறையில் கற்றவர்களுக்கும் தமிழின் உள்ளிருந்தே வேர் காண முயன்றவருக்கும் இடையே இணக்கம் ஏற்படவில்லை. 1961-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியின் சீர்கேடுகளை எடுத்துக்காட்டி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பேரகராதி, பெரும் உழைப்பின் விளைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தூய தமிழ்ச்சொற்கள் பலவற்றுக்கு அதில் வடமொழி மூலம் காட்டப்பட்டமையும், உழவர், கம்மியர் நாவில் வழங்கிய சொற்கள் பல விடுபட்டமையும் அவரை வருத்தின. முன்னது கொள்கைப் பூசல்; பின்னது ஊர் ஊராய்ப் பணிபுரிந்த ஆசிரியரின் நேரடிச் சான்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசியதால் இரண்டாவதற்கு உரிய கவனம் அறிஞருலகில் கிடைக்காமற் போயிற்று என்பது ஓர் இழப்பே.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் வேலூரையடுத்த காட்டுப்பாடியை நடுவாகக் கொண்ட கடினமான காலம். நிலையான சம்பளம் இல்லை. 1963-இல் துணைவியார் நேசமணி அம்மையார் மறைந்தார். அவர் பெயரால் நேசமணி பதிப்பகம் ஏற்பட்டது. 1966-இல் தமிழே உலகின் முதற்செம்மொழி என்னும் ஆங்கில நூல் அப்பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. 'தமிழ் வரலாறு', 'வடமொழி வரலாறு', 'திருக்குறள் தமிழ் மரபுரை', 'வேர்ச்சொற் கட்டுரைகள்' முதலிய பெருநூல்களும் இக்காலத்தனவே. 'தென்மொழி' அன்பர்களும் பள்ளித் தமிழாசிரியர் பலரும் நூல் வாங்கியும் முன்பணம் அனுப்பியும் அவரைத் தாங்கினர். 1968-இல் உலகத் தமிழ்க் கழகம் தோன்றியபோது அவர் தலைவரானார்.

அவருடைய முடிவுகளைப் பற்றி இன்று ஒளிவுமறைவின்றிப் பேசியாக வேண்டும். இலெமூரியா என்னும் பெயர், தேவாங்கினத்தைச் சேர்ந்த விலங்குகள் கடலின் இருபுறமும் காணப்படுவதற்குக் காரணம் கூற விலங்கியலார் சிலேட்டர் என்பார் 1864-இல் இட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கை 1960-களில் நிலைபெற்றபின் மூழ்கிய அக்கண்டம் நிலநூலாருக்குத் தேவைப்படவில்லை. பாவாணர் அதைக் கைவிடவில்லை. மாந்தன் பிறந்தது குமரியில், அவன் முதன்மொழி தமிழ் என்னும் கொள்கையை மொழியியலார் ஏற்பதுமில்லை. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, பல திராவிட மொழிகளின் சொற்களை அருகருகே நிறுத்தி, ஒத்தவற்றை மட்டும் ஒன்றாகக் கூட்டியது. அவற்றின் முதற்பொருள் எது என்னும் வழக்கில் பெரும்பாலும் நுழையவில்லை. பாவாணர் நுழைந்தது அவ்வழக்கினுள்தான். அங்கே அவர் வென்ற இடங்களும் உண்டு. சறுக்கிய இடங்களும் உண்டு. பாவாணர் சொன்னார் என்பதற்காக ஒவ்வொன்றையும் ஏற்பதும், குமரிக்கண்டத்தைக் காட்டி அனைத்தையும் ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இருபக்கங்கள். அவர் நூல்களைச் சொல் சொல்லாக எடுத்து, எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் பெரிதும் செய்யப்படாமலே கிடக்கிறது.

1974-இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தை அமைத்து அவரை இயக்குநராக்கியது. அகவை எழுபத்திரண்டு. பிறர் ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டு கழியும் பருவத்தில் அவருக்கு அரசுப் பணி தொடங்கிற்று. அகராதி என்னும் பெயரையே மாற்றி அகரமுதலி என்று வழங்கியவர், தம் நெடுநாள் கனவைத் தாளில் இறக்க முற்பட்டார். ஒரு சொல்லின் வேரைக் காணாமல் அடுத்த சொல்லுக்குச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. பணி மெல்ல நடந்தது. 1979-இல் அரசு 'செந்தமிழ்ச் செல்வர்' என்னும் விருது அளித்தது.

1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. தேவநேசன் என்ற இளைஞர் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் பண்டிதத் தேர்வு வென்றதும் மதுரைச் சங்கத்தில்தான். மாநாட்டில் மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும் என்னும் பொருள்பற்றி நெடுநேரம் உரையாற்றிய பாவாணர் நெஞ்சுவலியால் சாய்ந்தார். மதுரை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சனவரி 16-ஆம் நாள் மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி அச்சேறி வெளிவந்தது 1985-இல். அவர் வகுத்த திட்டம் பிறர் கைகளில் தொடர்ந்து, 31 பகுதிகளாக 2011-இல் நிறைவெய்தியது. முறம்பில் அவர் பெயரால் பாவாணர் கோட்டம் எழுந்துள்ளது. இராசபாளையம் வட்டாரத்துத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அங்கே வந்து செல்கின்றனர்.